பதிவு செய்யப்பட்ட வாளி

காலை ஆறு மணிக்கு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால், நாலு மணி வரை நின்றபடிதான் என் பிழைப்பு. நாலு மணிக்குப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, நீல வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொள்வேன். பத்து நிமிஷம். வேறு சுகம் எனக்குக் கிடையாது.

இந்நிலையில், குடிமக்கள் எளிய இன்பங்களில் மனநிறைவு அடைவதை முறைப்படுத்தும் பொருட்டு அரசு ஒரு துறையை ஏற்படுத்தியது. மனநிறைவு இல்லாதவர்கள் நாற்பது நாள் பகல் முழுக்கப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். நாற்பது நாள் என் பெட்டி ஆறினால் வீட்டு அடுப்பும் ஆறிவிடும்.

அதிகாரி வீட்டுக்கே வந்தார்.

"உங்க எளிய இன்பம் என்னம்மா?"

"வாளியில கால விடறது சார்."

"எத்தனை கால்?"

"ரெண்டு."

"ஒண்ணு போதாதா? எளிய இன்பத்துக்குத்தான் திட்டம்."

"ஒண்ண மட்டும் விட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கும் சார்."

அதையும் எழுதிக்கொண்டார். வாளியை ஆய்வுக்கென்று எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். மேற்படி இன்பத்தை நான் அனுபவிப்பதாகத் தினமும் நாலு மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டுமாம்.

"நாலு மணிக்குத்தான் சார் நான் கால விடுவேன்."

"அதனாலதாம்மா நாலு மணி. வேற நேரத்துல வந்தா பொய்க் கையெழுத்தாயிடும்."

நியாயம்தான். பத்தொன்பது நாள் வரிசையில் நின்றேன். கால் பூசணிக்காயாக வீங்கியது. வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"உன் காலைப் பத்தி நானே விசாரிச்சதில்ல. அரசாங்கம் விசாரிக்குது. இன்னும் என்னடி குறை?" என்றார்.

இருபதாம் நாள் பேனா கை நழுவி விழுந்தது. குனிந்தேன். மேசைக்கு அடியில் என் நீல வாளி. அதற்குள் அதிகாரியின் கால்கள்.

"சார், இது என் வாளி."

"ஆய்வு நடக்குதும்மா."

"இருபது நாளாவா?"

"அவசரப்பட்டு முடிவெடுக்கற விஷயமா இது?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றே சான்றிதழ் கிடைத்தது: முழு மனநிறைவு. வாளியைக் கோப்போடு சேர்த்துவிட்டதால் திருப்பித் தர வழியில்லை. சான்றிதழ் செல்லுபடியாக, தினசரிக் கையெழுத்து மட்டும் தொடர வேண்டும். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி. பச்சை வாளி. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா, நீங்களும் விடுங்க. இடம் இருக்கு."

சான்றிதழ் வாங்கியவள் பதிவில்லாத வாளியில் கால் வைக்கலாமா? வயிறு எரிந்தது. திங்கட்கிழமை ஒரு மனு கொடுத்தேன்.

இப்போது மேசைக்கு அடியில் இரண்டு வாளி. காலுக்கு ஒன்றாக அதிகாரி ஆய்வு செய்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, "கால் வலி உயிர் போகுதுக்கா" என்கிறாள்.

உள்ளதைச் சொன்னால், இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மனநிறைவாக இருக்கிறது.