முறை பார்த்துச் சேர்த்த மாடுகள்

பதுளை,
ஜூலை 1977

அன்புள்ள மச்சான் ஸலீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டியது கடமை, எழுதிவிட்டேன். உங்கள் தங்கை ஸித்தி ஸுபைதா நலம். கொஞ்ச நாளாக என்னோடு பேச்சு இல்லை. மகள் ஸகீனா நலம். கடை நலம். நமுனுகுல மலை இருந்த இடத்திலேயே இருப்பதாகச் சொல்கிறார்கள். மழையில் நான் பார்க்கவில்லை. கண்டியில் மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகன் ஜாபிருக்கும் எங்கள் ஸகீனாவுக்கும் நாள் குறிக்கச் சொல்லி நீங்கள் இரண்டு தடவை எழுதியும் நான் பதில் போடவில்லை. அதற்குக் காரணம் ஒரு காளைக்கன்று. ஸகீனா இந்தக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். ஜாபிர் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, கன்றைத்தான் காட்டுகிறாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். கோபப்படுவதா இல்லையா என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்.

இறைச்சிக்கடைக்காரனுக்கு இருக்கிற ஒரே ஆசை பெரிய மாடு. எங்கள் பக்கத்து நாட்டு மாடுகளை நீங்கள் அறிவீர்கள். தோலையும் கொம்பையும் எடுத்துவிட்டால் மிச்சத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம், நமுனுகுலப் பக்கத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகுமுன் தன்னுடைய சீமை மாடுகளை விற்றார். செவலை உடம்பு, வெள்ளை முகம், பால் கொஞ்சம், இறைச்சி நிறைய. அதில் பீப்பாய்க்குக் கால் முளைத்தது போல இருந்த காளையை நான் வாங்கினேன். மாட்டுப்பட்டியில் வேலை செய்த இராமையாவுக்குத் துரை ஒரு பசுவைச் சும்மா கொடுத்திருந்தார். அதுவும் அதே அச்சு. இரண்டையும் சேர்த்தால் பிறக்கிற கன்று பதுளைக் கடைவீதிக்குள் நுழையுமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. காளையை ஏற்ற லொறியோடு போன அன்றே இராமையாவிடம் கேட்டேன்.

"பெரிசும் பெரிசும் சேந்தா அதவிடப் பெரிசுதானே வரும்?"

"ஆமாங்க முதலாளி. ஆனா ரெண்டும் ஒரே பட்டியில பொறந்ததுங்க. மொறை பாக்கணுமில்ல?"

அவர் கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது. புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்து இருவரும் முறை பார்த்தோம். காளையின் தாயும் பசுவின் தகப்பனும் ஒரே காளைக்கு, ஒரே வயிற்றில் பிறந்தவை என்று தெரியவந்தது. இராமையா விரல் மடித்து யோசித்தார்.

"அண்ணன் மக, தங்கச்சி மகன். அப்ப இது அதுக்கு மாமன் மக. கட்டிக்கிற மொறதாங்க முதலாளி."

அதைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்று வந்திருந்தால் இராமையா பசுவை அவிழ்த்திருக்க மாட்டார். நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். சொந்தத்துக்குள் முடிந்தால் இருக்கிற உடம்பு வெளியே போகாது அல்லவா? "எங்கட வீட்டிலயும் இதே முறைதான், ஸகீனாவுக்கும் ஜாபிருக்கும்" என்று சந்தோஷத்தில் சொன்னேன். அது அங்கேயே நின்றிருக்கும். ஆனால் லொறியில் இடம் இருக்கிறது என்று பக்கத்துக் கடை புஹாரியும் கூட வந்திருந்தார்.

பசு ஈன்றது என்று செய்தி வந்தவுடன் புது மணி ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். எருமைக் கழுத்துக்குப் போடுகிற மணி. சின்னது பார்த்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன். பட்டிக்குள் இருட்டாக இருந்தது.

"கன்று எங்க?"

"அந்தா நிக்குதுங்க."

"எழும்பச் சொல்லு, பாப்பம்."

"எழும்பித்தாங்க நிக்குது."

மச்சான், மணியைப் போட்டிருந்தால் மணி தரையில் இழுபட்டிருக்கும். தலை பெரிய மாட்டுத் தலை, நெற்றி புடைத்திருந்தது, உடம்பு ஆட்டுக்குட்டி அளவு, கால்கள் எங்கே என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மூச்சு விட்டால் சைக்கிள் பம்ப் அடிக்கிற சத்தம். தாயின் மடி அதற்கு எட்டவில்லை. இராமையா ஒரு தேயிலைப் பெட்டியைக் குறுக்கே அறுத்துக் கவிழ்த்துவைத்து, அதன் மேல் கன்றை ஏற்றிப் பால் குடிக்க வைத்தார். பசு திரும்பித் திரும்பிப் பார்த்தது. பாசமா சந்தேகமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

வளரும் வளரும் என்று பார்த்தேன். நன்றாகத் தின்றது, அகலமானது, உயரவில்லை. பெட்டியோடு கொண்டுவந்து கடைக்குப் பின்னால் கட்டினேன். அன்றிலிருந்து புஹாரி கடை திறந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, "மர்ஸூக், மருமகன் எழும்பிட்டாரா?" இறைச்சி வாங்க வருகிறவர்களும் மருமகனைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தெமோதரையிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு பஸ் ஏறி வந்தார், இறைச்சி வாங்கவில்லை. இதற்கிடையில் உங்கள் தங்கை, அந்தப் பெட்டியில் கன்று ஏறி நிற்பது தனக்கு யாரையோ நினைவூட்டுகிறது என்றாள். நான் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னேன். கண்டிக் கடையில் உங்கள் வாப்பா மர்ஹூம் ஹாஜியார் அவர்கள் மேசைக்குப் பின்னால் எதன் மேல் நின்று வியாபாரம் செய்தார்கள் என்பது நமக்குள் இருக்கட்டும். பேச்சு நின்றது அன்றிலிருந்துதான்.

கடைசியில் பண்டாரவளையிலிருந்து மாட்டு டொக்டர் கதிர்காமநாதனை வரவழைத்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்லவர். கன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, தாய் தகப்பன் யார் என்று கேட்டார். முறை பார்த்த விவரத்தைப் பெருமையோடு சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாட்டின்ர உருவம் எண்டது ஒரு சங்கதியால வாறதில்லை, முதலாளி. கனக்கச் சின்னச் சின்னச் சங்கதியள் சேர்ந்து வாறது. தாயிட்ட பாதி, தேப்பனிட்ட பாதி. அதுகளுக்குள்ள எலும்பை வளர விடாத ஒண்டு ஒளிச்சு நிக்கும். ஒரு பக்கத்தால மட்டும் வந்தால் ஒண்டும் செய்யாது. ரெண்டு பக்கத்தாலயும் வந்தால் இதுதான்."

"இவ்வளவு மாடு இரிக்கக்குள்ள ரெண்டு பக்கத்திலயும் எப்படி டொக்டர் அதே சாமான் வந்திச்சு?"

"ரெண்டுக்கும் பாட்டன் ஒண்டெண்டு நீங்கள்தானே இப்ப சொன்னியள்."

அந்தச் சாமானை ஒளித்து வைத்திருக்கிற மாடு கொஞ்சம் குட்டைக் காலாய், திரண்டு, பார்க்க அழகாகவும் இருக்குமாம். துரைமார் அந்த அழகைப் பார்த்துத்தான் தேடித் தேடி இனம் சேர்த்தார்களாம். இந்தச் சோடிக்கு நாலு கன்றுக்கு ஒன்று இப்படி வரக்கூடும் என்றார். நான் முதலாவதிலேயே அதைப் பெற்றுவிட்டேன். இனிமேல் காளையை நாட்டுப் பசுவோடு சேருங்கள், தாயைவிடப் பெரிய கன்று வரும், பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் திரைக்குப் பின்னால் ஸகீனா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று பின்னேரமே வந்துவிட்டாள்.

"வாப்பா, உம்மாட வாப்பாதானே ஜாபிர் மச்சானுக்கும் மூத்தாப்பா?"

"அதுக்கென்ன இப்ப?"

"எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

"விசர்க் கதை பேசாத. நாங்க மாடா?"

"மாட்டுக்கு முறை பாக்கக்குள்ள நீங்க அப்படிச் சொல்லேல்லயே."

கலியாணமான பிறகு புஹாரி காக்கா என்ன கேட்பார் என்று யோசித்துப் பார்த்தீங்களா என்று அழுதாள். அவள் அழுவது எனக்குத் தாங்காது. ஆகவே மச்சான், நாள் குறிக்க வேண்டாம். ஜாபிர் நல்ல பிள்ளை. பிறத்தியில் பார்த்தால் ஆயிரம் இடம் வரும். இதில் ஹாஜியார் அவர்களின் உயரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மாமிக்கு ஸலாம். கடைப் பொடியன்மாருக்கு ஸலாம். அல்லாஹ் உங்கள் வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் பரக்கத்தைத் தரட்டும்; எனக்குக் கொஞ்சம் புத்தியைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
எம். மர்ஸூக்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபாலுக்குக் கொண்டுபோகிறபோது ஜாபிர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறான். புஹாரி சாமான் வாங்கக் கண்டிக்கு வந்தவர் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வரும் வழியில் பண்டாரவளையில் இறங்கி டொக்டரைக் கண்டு, எங்களுக்கும் இப்படி வருமா என்று கேட்டிருக்கிறான். உங்கட குடும்பத்தில இப்பிடி ஆரும் பிறந்திருக்கினமோ என்று அவர் கேட்டாராம். இல்லை, ஒருவர் மட்டும் கொஞ்சம் கட்டை என்றானாம். கட்டை வேறை, இது வேறை, சும்மா மாட்டைப் பார்த்துப் பயப்படாதையும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தவன் கன்றுக்கு முன்னால் குந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்மட மூத்தாப்பாவுக்கு இதவிட நல்ல பெட்டி இரிந்திச்சு" என்றான். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்கள் தங்கையும் சிரித்தாள். பின்னேரம் ஸகீனா என்னிடம் வந்து, மாட்டுக்கே நாலில் மூன்று நன்றாக வரும் என்றுதானே டொக்டர் சொன்னது, நீங்கள் ஏன் மாமாவுக்கு இப்படியெல்லாம் எழுதினீர்கள் என்று கோபித்துக்கொண்டாள். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு நாள் குறிக்கவும். சீதனம் ஒன்றும் வேண்டாம், அறுக்காமல் கன்றைத் தந்தால் போதும் என்கிறான் ஜாபிர். அடுத்த லொறியில் ஏற்றுகிறேன். தீனித் தொட்டியைத் தரையில் வைத்தால் தின்னாது, அதற்குப் பெட்டி மேல் நின்றுதான் பழக்கம். இங்குள்ள பெட்டி உடைந்துவிட்டது. உங்கள் கடையில் இருப்பதைக் கொஞ்சம் தூசி தட்டி வைக்கவும்.