அங்க அடையாளங்கள்: நீக்கப்பட்டன

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அன்று தொடங்கிய துயரத்துக்கு முடிவு கட்டியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். நான் முகங்களைத் திருத்துகிறேன். கடைப் பலகையில் 'போட்டோ ஸ்டூடியோ' என்று மட்டும் போட்டிருப்பது என் தன்னடக்கம்.

ஒரு முகம் என் கணினிக்குள் போய் வெளியே வரப் பதினோரு நிமிடம் ஆகும். முதலில் பரு. அடுத்தது கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு. பிறகு கழுத்து மடிப்பு, நரை, கோணல் பல். கடைசியில் தாடையைச் சீவிக் கூராக்குவேன். வாடிக்கையாளர் திரையை உற்றுப் பார்ப்பார். "இதுதாங்க நான்!" என்று குரல் தழுதழுக்கும். பிறந்த நாளிலிருந்து தவறான முகத்தைச் சுமந்து திரிந்த ஒருவருக்குச் சரியான முகத்தை ஒப்படைப்பதைவிடப் பெரிய தொண்டு எது?

எங்கள் குடும்பத்தில் யாருடைய படமும் என் கை படாமல் வெளியே போனதில்லை. கல்யாணப் படம், வங்கிப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், சுவரில் மாட்டியது, செல்போனில் வைத்தது, எல்லாம் என் வேலைப்பாடு. திருத்தாத படங்களை அன்றன்றே அழித்துவிடுவேன். வீட்டைப் பெருக்கிய குப்பையை யாராவது பீரோவில் வைத்துப் பூட்டுவார்களா?

இப்படி முன்னேறிய ஒரு குடும்பத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சித்தப்பா காணாமல் போனார்.

சித்தப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக ஞாபகம் முன்னே பின்னே போய்வந்தது. ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டு அவ்வப்போது 'வேலைக்கு'க் கிளம்பிவிடுவார். மதியத்துக்குள் எப்படியோ திரும்பியும் விடுவார். இந்த முறை வியாழக்கிழமை ஆகியும் வரவில்லை. மூக்குக்கண்ணாடி மேசைமேலேயே கிடந்தது.

சித்தி மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"மூணு நாளா பிரஷர் மாத்திரை போடல. எங்கயாவது மயங்கி விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கடா."

உடனே குடும்ப ஆலோசனைக் கூட்டம் கூடியது. தலைமை, சித்தப்பாவின் அக்காவான என் அத்தை. உறுப்பினர்கள், சித்தி, சித்தியின் மகளான என் தங்கை, தொழில்நுட்ப ஆலோசகராக நான். பொருள், 'காணவில்லை' சுவரொட்டிக்கு எந்தப் படம்?

"தெருத்தெருவா ஒட்டப் போறோம். ஊரே பாக்கும். வழுக்கையோடவா போடறது?" என்று அத்தை தொடங்கி வைத்தார்.

"அவருக்கு வழுக்கைதானே அண்ணி?" என்றார் சித்தி.

"அது வீட்டுக்குள்ள. போஸ்டர்ல எதுக்கு?"

தங்கைக்கு வேறு சிக்கல். "அண்ணா, போன மாசம் நீ பண்ணிக் கொடுத்த அப்பா போட்டோவ ஆபீஸ்ல காட்டினேன். உங்க அண்ணனான்னு கேட்டாங்க. இப்ப போய் வேற முகத்தைப் போட்டா, நான்தான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"காதையாவது விட்டு வைங்கடா," என்று சித்தி கெஞ்சினார். "ரெண்டு காதும் வெளிய விரிஞ்சு நிக்கும். அதை வெச்சுத்தான் எந்தக் கூட்டத்துலயும் நான் அவரைக் கண்டுபிடிப்பேன்."

இந்த இடத்தில் நான் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. "சித்தி, விரிஞ்ச காது படத்தோட அழகையே கெடுத்துடும். பாக்கறவங்க கண்ணு காதுலயே நின்னுடும். முகத்தைப் பாக்கவே மாட்டாங்க."

வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு ஒன்று. காதுகள் ஒட்டப்பட்டன. வயது அறுபத்து நான்கு என்பதைத் தங்கை 'ஐம்பதுகளில்' என்று திருத்தினாள். உயரத்தில் அத்தை நான்கு விரற்கடை சேர்த்தார். "அவன் கூன் போடாம நின்னா அவ்வளவு வருவான்," என்பது அவர் வாதம். நிறம் என்ற இடத்தில் 'பளிச்' என்று போட்டோம்.

காவல் நிலையத்தில் எழுத்தர் படிவத்தை நிரப்பினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அங்க அடையாளம் ஏதாவது உண்டா?"

"இருந்துது சார். நீக்கிட்டோம்."

"என்னது?"

"இடது புருவத்துல ஒரு வெட்டு, மூக்கு நுனியில ஒரு மச்சம், முன்பல்லுல ஒரு மூலை உடைஞ்சிருந்துது. எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு. இப்ப ஒரு குறையும் கிடையாது."

எழுத்தர் சற்று நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு அங்க அடையாளங்கள் என்ற கட்டத்தில் 'நீக்கப்பட்டன' என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார். எதையும் வீணாக விவாதிக்காத நல்ல அதிகாரி.

சுவரொட்டி ஒட்டிய அன்றே ஒன்பது அழைப்புகள். அவற்றில் ஐந்து, இந்தப் படத்தைச் செய்தது எந்த ஸ்டூடியோ என்று கேட்டு வந்தவை. மற்றவையும் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தன. மாலை நாலு மணிக்கு இரண்டு பேர், ஓர் உடற்பயிற்சி ஆசிரியரை இரு கைகளையும் பிடித்து வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார்கள்.

"அச்சு அசல் அவரேதாங்க! பாருங்க!"

"ஐயோ, எனக்கு முப்பத்திரண்டு வயசுங்க. வகுப்புக்கு நேரமாச்சு, விடுங்க," என்று அவர் கதறினார்.

அத்தை சுவரொட்டியை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார். "தாடை சரியா இருக்கு. தம்பி, உள்ள வந்து உக்காருப்பா, எதுக்கு அவசரம்?"

சித்தி அவரைப் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தார். இதற்காக அத்தை வெகுநேரம் கோபித்துக்கொண்டார்.

அடுத்த அழைப்பு துணிக்கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையிலிருந்து. நீங்கள் தேடும் ஆள் துணிக்கடையில் இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் நிற்கிறார், கூப்பிட்டால் பேசுவதில்லை என்றார்கள். ஓடினோம். கண்ணாடிக்குப் பின்னால், கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பொம்மை நின்றது. காதுகள் ஒட்டியிருந்தன. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சித்தப்பாவை நான் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

"அம்மா எங்க?" என்றாள் தங்கை. சித்தி அதற்குள் பேருந்து நிலையப் பக்கம் நடந்து போய்விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, படம் சிறியதாக இருப்பதுதான் பிரச்சினை என்று முடிவு செய்து, ஆள் உயரச் சுவரொட்டிகளைச் சுருட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். ஒரு கையில் பசை வாளி, ஒரு கையில் தூரிகை, அக்குளில் சுருள். முதல் தெருவிலேயே தடுமாறினேன். ஒட்ட வேண்டிய சுவருக்கு முன்னால் அழுக்குச் சட்டையோடு ஒரு பெரியவர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போஸ்டர் ஒட்டணும்."

அவர் தள்ளி நின்றதோடு நிற்கவில்லை. வாளியையும் வாங்கிக்கொண்டார். "நீ ஒட்டுப்பா. நான் பிடிச்சுக்கறேன்." இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

சுவரொட்டி விரிந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "யாரு இவரு? நல்லா கம்பீரமா இருக்காரே."

"எங்க சித்தப்பா. நாலு நாளா காணோம்."

"அடப் பாவமே. வீட்ல தேடுவாங்களே."

மூன்று தெரு என்னோடு வந்தார். ஒரே ஒரு தொல்லை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். என்ன ஒரு ஒற்றுமை! சித்தப்பா கிடைத்ததும் இவர்கள் இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும், பேசுவதற்கு நிறைய இருக்கும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

உதவிக்குக் கைம்மாறாக என்னால் முடிந்ததைச் சொன்னேன். "ஐயா, ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வாங்க. இந்தக் காதை ரெண்டே நிமிஷத்துல ஒட்டிடலாம். புருவத்துல இருக்கற இந்த வெட்டும் போயிடும்."

அவர் புருவத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். முன்பல்லில் ஒரு மூலை இல்லை. "இது ஆஸ்பத்திரிக் கதவுப்பா. பொண்ணு பொறந்திருக்குன்னு சொன்னாங்க. ஓடினேன். கதவு சாத்தியிருந்தத பாக்கல."

நல்ல கதைதான். ஆனால் படத்தில் கதை தெரியாது, கறைதான் தெரியும். அதை அவரிடம் நயமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் சித்தி வந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் மாத்திரை அட்டை. சுவர் முழுக்க நான் ஒட்டியிருந்த சித்தப்பாக்களில் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. பெரியவரின் முதுகும் காதும் மட்டுமே தெரியும் அவ்வளவு தூரத்திலிருந்தே எங்களை நோக்கி ஓடத் தொடங்கினார். சித்தி ஓடி நான் பார்த்ததே இல்லை.

"எங்க போனீங்க? எங்கதான் போனீங்க?" என்று பெரியவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

பெரியவர் வாளியைக் கீழே வைத்தார். "வந்துட்டியா? இந்தத் தம்பியோட சித்தப்பாவைக் காணோமாம். காலைலேர்ந்து சேர்ந்து தேடறோம். இன்னும் கிடைக்கல, பாவம்."

காவல் நிலையத்தில் எழுத்தர் சுவரொட்டியையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு அவரில்லையே."

"இவருதான் சார்," என்றார் சித்தி.

"அம்மா, நீங்க கொடுத்த முகம் ஒண்ணு, கூட்டிட்டு வந்த முகம் ஒண்ணு. நான் எதை வெச்சு இந்த ஃபைலை மூடறது?" அவர் யோசித்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒரே வழிதான் இருக்கு. இவரை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது, 'நேர்ல பாத்து அடையாளம் காட்டறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

இதற்கு என்னைவிடத் தகுதியானவர் யார்? குடும்பத்தில் அந்த முகத்தோடு அதிக நேரம் செலவிட்டவன் நான். அதன் ஒவ்வொரு மயிர்க்காலையும் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவன். தொழில்முறைப் பெருமிதத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்தேன்.

சித்தப்பாவின் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த சித்தி, பாட்டிலைக் கீழே வைத்தார். தாளை என் கைக்கு அடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டார்.

"நீ எப்படா அவரைப் பாத்தே?" என்றார்.