இரும்புச் சட்டி மருதாணி

என் தலைமுடியைக் கொன்றது என் மதினிதான். அண்ணன் மனைவியாயிற்றே என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அது நடந்ததற்கு மறுநாள் காலை தென்காசியில் ஒரு கல்லூரியில், வேலைக்காக நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஃப்ரீ ரேடிக்கல்கள் புரதத்தின் அமினோ அமிலங்களை எப்படி ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கின்றன என்பது பாடம். ஒரு மாதம் ஒப்பித்திருந்தேன். (எம்.எஸ்சி.யில் முதல் மார்க். சொல்லித் தொலைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.) இந்த வேலையும் போனால் மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

முன்நெற்றியில் நாலு நரை. மதினி குற்றாலத்தில், அருவிக்குப் போகிற ரோட்டில் ஒற்றை அறையில் பார்லர் வைத்திருந்தாள். தேயிலைச் சாயம் விட்டு, இரும்புச் சட்டியில் இரண்டு நாள் ஊறிய மருதாணியைத் தலை முழுக்க அப்பினாள். கருக்கும் என்றாள். துருப்பிடித்த தகரம் மாதிரி வந்தது. அழுதேன்.

"இதுக்குப் போயி அழுவாங்களாட்டி? வெளுத்துட்டு மறுபடி கலர் அடிச்சிருவோம்" என்று பெராக்சைடு கிரீமைக் குழைத்துத் தடவினாள்.

ஐந்து நிமிஷத்தில் சூடு ஏறியது.

"மதினி, தல சுடுது."

"மருந்து வேலை செய்யுது. சும்மா இருட்டி செல்வி."

மறுபடி சொன்னேன். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கையமர்த்தினாள். மூன்றாம் தடவை சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். என் உச்சியிலிருந்து ஆவி போனது, இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி.

அப்போதுதான் என் பாடம் எனக்கே புரிந்தது. முடி என்பது புரதம். மருதாணியோடு தலையில் ஏறியது இரும்பு. இரும்பு பட்டால் பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைகிற ஜென்மம் அது. பக்கத்தில் எது இருந்தாலும் அதிலிருந்து பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததில் கைவைக்கும். மெத்தியோனின், டிரிப்டோபேன், டைரோசின் என்று நான் போர்டில் எழுதவிருந்த பட்டியல் என் மண்டையில் வெந்துகொண்டிருந்தது. முடிக்கு உறுதியே சிஸ்டீன்களைச் சேர்த்துப் பிடிக்கும் கந்தகக் கட்டுதான். அது அறுந்தால் தீர்ந்தது. முடிக்குக் கீழே தோலும் புரதம். கண்ணும் புரதம். கிரீம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினேன்.

குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கரண்ட் இல்லை, தொட்டி காலி. குடத்தில் இருந்த ஒரு செம்புத் தண்ணீர் புருவத்துக்கே சரியாகப் போனது. தலையில் துண்டைப் போட்டு அருவியைப் பார்த்து ஓடினேன். பின்னால் மதினி, கையில் சீப்போடு. (எதற்குச் சீப்பு?)

சீசன் நேரம். பெண்கள் பக்கம் எண்ணெய் வழியும் தலைகளாக நீண்ட வரிசை.

"வரிசையில வா தாயி" என்று ஒரு அம்மா மறித்தாள்.

துண்டை எடுத்தேன். ஆவியைப் பார்த்தாள். அவள் மட்டுமில்லை, வரிசையே விலகியது.

தலையில் அருவி விழுந்ததும் சூடு போனது. முடியும் போனது, கொத்துக் கொத்தாக. குளித்துக்கொண்டிருந்தவர்கள் காலில் சுற்றியதைப் பார்த்துக் கரையேறிவிட்டார்கள்.

மறுநாள் தலையில் துப்பட்டாவோடு போனேன். பயத்தில் ஒப்பித்தது ஒரு வரிகூட வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பிடி முடியை எடுத்து மேசையில் வைத்து, இழுத்துப் பாருங்கள் என்றேன். தொட்டதும் ஒடிந்தது. பிறகு நடந்ததைச் சொன்னேன். வேலை கிடைத்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இட்லிச் சட்டியைத் திறந்தால் "செல்வி வந்துட்டா" என்கிறார்கள். முதல் மார்க் வாங்கியவளுக்கு இரும்புச் சட்டி தெரியவில்லையா என்று மதினி விசேஷத்துக்கு விசேஷம் கேட்கிறாள். தெரிந்திருக்க வேண்டும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையே தன்னால்தான் கிடைத்தது என்று சொல்லித் திரிகிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வருகிற மாதம் இலஞ்சியில் அவள் மகளுக்குச் சடங்கு. பந்தலில் மைக் இருக்கும். மதினி, அதைப் பிடித்து ஊரறியச் சொல்: தலை சுடுகிறது என்று நான் எத்தனை தடவை சொன்னேன்?