சிதறால் மலையில் மண்டையப்பம்

"நாலு சுவருக்குள்ளே இருந்துகொண்டு மரத்தைப் படிக்கிறவன் மரமாகத்தான் ஆவான்" என்று காலைப் பிரார்த்தனையில் முழங்கினார் பொன்னுலிங்கம் வாத்தியார். மாசிக் கடைசிச் செவ்வாய் விடுமுறையில் வகுப்பு முழுவதையும் சிதறால் மலைக்கு நடத்திக்கொண்டுபோய் இயற்கைப் பாடம் சொல்லித் தரப்போகிறாராம். மார்த்தாண்டத்தில் எந்த வாத்தியாரும் செய்யாத காரியம். தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மையில் மனிதர் பயந்து ஓடுகிறார். அதே செவ்வாய்தான் மண்டைக்காட்டுப் பகவதிக்குக் கொடைத் திருவிழா. தை மாசம் மச்சினன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போகாமல் தப்பிக்க, தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்தார். மனைவி தாணம்மாள் அந்த நிமிஷமே அம்மனுக்குக் கொடையன்று படைப்பதாக மண்டையப்பம் நேர்ந்துவிட்டாள். அரிசிமாவும் பயறும் வெல்லமும் பிசைந்து அவித்துப் படைக்கிற தலைவலி நேர்ச்சை அது. வலித்த தலைக்குச் சொந்தக்காரரும் சன்னதியில் நிற்க வேண்டும். வலிக்காத தலையை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? பகவதி கண்டுபிடித்து நிஜமாகவே வலி கொடுத்துவிட்டால்? அந்த நினைப்பிலேயே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கொடைக்கு வர ஒக்காது தாணம்மா. பிள்ளையளுக்குப் பாடம்."

"எங்க வச்சு?"

"சிதறால் மலையில."

"நீங்க அதுல ஏறியிருக்கியளா?"

"ஏறணுமா என்ன? புஸ்தகத்துல எல்லாம் உண்டு."

தாணம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "செரி, போயிட்டு வாருங்கோ."

இவ்வளவு லேசாக விடுகிறவள் இல்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மலையேறும்போது வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது, வாய் மட்டும் ஓயவில்லை. "இலையைப் பறிக்கப்படாது, பாக்கணும். குருவிக்கூட்டைத் தொடப்படாது. மலையில யாரும் தீ மூட்டப்படாது, கேட்டியளா?" ஆளுக்கொரு மரத்தைக் கொடுத்து, பட்டையைத் தடவச் சொல்லி, அதில் எறும்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வைத்தார். பிள்ளைகள் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

அப்போது பாறை மறைவிலிருந்து புகை கிளம்பியது.

"எவன்டா மலையில தீ போட்டது?" என்று பாய்ந்து போனார்.

மூன்று கல் கூட்டி, மேலே பானை ஏற்றி, தாணம்மாள் உட்கார்ந்திருந்தாள். "வெறும் பாறையிலதான் மூட்டியிருக்கேன். ஒரு பொறி புல்லுல விழாது. தம்பி வண்டியில விடியுமுன்ன வந்துட்டேன்."

"ஏட்டி, நீ கொடைக்குப் போகல்லியா?"

"நேர்ச்சைக்கு நீங்க வேணும்லா? அதான் அப்பத்த இஞ்ச கொண்டுவந்தேன்."

"இஞ்ச ஏது அம்மன்?"

அவள் கையை நீட்டினாள். பாறைக் குடைவுக்குள் குங்குமமும் விளக்குமாக ஒரு பகவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருடைய புஸ்தகத்தில் இல்லை. பொத்தென்று பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"தாணம்மா, அன்னைக்கு எனக்குத் தலையே வலிக்கல்ல. சும்மா சொன்னேன்."

"தெரியும். போர்வைக்குள்ள முறுக்கு கடிச்ச சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டுது."

"பின்ன நீ எதுக்கு நேர்ந்தே?"

"நீங்க பொய் சொல்லும்ப எல்லாம் எனக்கு நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அது எனக்க தலைவலிக்கு நேர்ந்தது."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மனுக்கும் தனக்கும் ஒரு வழக்கும் இல்லை! பகவதியை நன்றாக நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். தாணம்மாள் படைத்து எடுத்துவந்த அப்பத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து தின்றார். ஒரு மாதத்தில் முதல்தடவையாக வயிறு நிறைந்தது.

"சார், அடுத்த வெளிப்பாடம் எப்ப?" என்று ஜெயசிங் கேட்டான்.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் தாணம்மாள் சொன்னாள்: "வார செவ்வா எட்டாங்கொடைக்கு, மக்கா. மண்டைக்காட்டுக் கடப்புறத்து மணல்ல வச்சு. இஞ்ச படைச்சது உங்க பசிக்கு, நேர்ந்தது அங்கதான். சார் அப்பப்பானைய தலையில சொமந்துட்டு முன்னால நடப்பாரு, அவருக்குத்தான் தலை வலிக்காதே."