ஊறுகாய் மணந்த கட்டுத்துணி

கல்யாணமான புதிதில் புருஷனைப் பிரிந்திருக்கும் பெண்ணிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. கோணி தைக்கிற வேலையைக்கூட. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் சபையார் அப்படி ஒப்படைத்தது என்னிடம்தான்.

எழுபதுகளின் தொடக்கம். இவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் குழாய், கக்கூஸ் கோப்பை பிரிவில் இருந்தார். (பெண் பார்க்க வந்தபோது "பீங்கான் லைன்" என்று மட்டும் சொன்னார்கள். கோப்பை விஷயம் தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது.) நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் முடிந்திருந்த நேரம் அது. குண்டு விழுந்து இடிந்து கிடந்த ஓர் ஆஸ்பத்திரியைத் திருச்சபைகள் சேர்ந்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்கள் போதகருக்குச் செய்தி வந்தது. போதகர் இவரைக் கேட்டார். இவர் என்னைக் கேட்டார். நானும் பெரிய தியாகி மாதிரி "போயிட்டு வாங்க" என்றேன். ரயில் ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றிவிட்டது.

பிறகு கடிதங்கள் வந்தன. எல்லாம் மாமனார் பெயருக்கு. அவர் கூடத்தில் நாற்காலி போட்டு, கோயிலில் வேதபாடம் வாசிக்கிற குரலில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். இது தெரிந்து இவரும் மழை, குழாய், சிமெண்டுத் தட்டுப்பாடு என்றே எழுதுவார். கடைசியில் "எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்." அந்த எல்லோரிலும் நானும் ஒருத்தி. எனக்கென்று தனியாக ஒரு சொல் வராதா என்று அடுக்களை வாசலில் நின்று ஏங்குவேன். இவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டை ஒன்றைத் துவைக்காமலே என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், வெளுக்கப் போடக் கேட்டபோதெல்லாம் காணோம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கடிதத்தில் மட்டும் "சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நாக்குதான் செத்துப் போச்சு" என்று ஒரு வரி இருந்தது. மாமனார் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அது எனக்கு எழுதியது. என் கையால் செய்ததில் இவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது மாங்காய் ஊறுகாய் ஒன்றைத்தான். அது ஒரு ஜாடி போய்ச் சேர்ந்தால் போதும், நான் எழுத முடியாததையெல்லாம் அது சொல்லிவிடும் என்று நம்பினேன்.

அந்தச் சமயம் பார்த்து, அந்த ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி அனுப்பலாம் என்று போதகரம்மா அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு பழைய வெள்ளை வேட்டி வாங்கி, வெந்நீரில் வேகவைத்து, நாடாவாகக் கிழித்துச் சுருட்டினோம். சனிக்கிழமை பொதி கட்டினோம். தையல்மிஷின் எஸ்தரக்கா சுருள்களை எடுத்துக் கொடுக்க, நான் கோணிக்குள் அடுக்க வேண்டும், கடைசியில் வாயைத் தைக்க வேண்டும். எஸ்தரக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் ஊறுகாய் ஜாடியைக் கோணியின் நடுவில் இறக்கிவிட்டேன். பொதி போய் இறங்கினால் இவரே வந்து பிரிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (ஆப்பிரிக்காவைப் பக்கத்து ஊர் மங்கலம்பேட்டை அளவுக்குத்தான் நினைத்து வைத்திருந்தேன்.)

ஜாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பீங்கான் ஊரில் யார் வீட்டிலும் நேரான ஜாடி இருக்காது. நேரானது விற்பனைக்குப் போய்விடும், சூளையில் கோணியது நம் வீட்டுக்கு வரும். இதுவும் அப்படித்தான். கல்யாணமான மாதம் இவர் தன் கையால் செய்து கொண்டுவந்து கொடுத்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், மூடி உட்காராது. வேறு நல்ல ஜாடி கடையில் கிடைக்கும்தான். இவர் செய்த ஜாடியிலேயே இவருக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். வாய்க்குத் துணி கட்டி, இறுக்கி முடிந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்கள் பொதிமேல் ஏறி மிதித்து இறுக்குவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், நெல் மூட்டை, கோழி எல்லாம் பீடத்தின் முன்னால். நடுவில் எங்கள் பொதி. போதகர் அதன்மேல் கை வைத்து, போரில் அடிபட்ட ஜனங்களுக்காக உருக்கமாக ஜெபித்தார். "அவர்கள் சிந்திய இரத்தத்தை நினைத்தருளும்" என்று அவர் சொல்லவும், கோணியின் அடியிலிருந்து சிவப்பாக ஒன்று தரையில் கசிந்தது.

"ஐயா, ரத்தம் வருதுங்க" என்றார் எஸ்தரக்கா.

முன்வரிசையில் ஒருவர் முழங்காலில் விழுந்தார். அவரைப் பார்த்துப் பின்வரிசை விழுந்தது. நானும் விழுந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரே அற்புதம் என்று அழுதுகொண்டிருக்கும்போது அது ஊறுகாய் என்று எப்படிச் சொல்வது?

போதகர் குனிந்து விரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"பெருங்காயம் வாசனை வருதே. யாரு வூட்டு ஊறுகாய் இது?"

நான் தரையைப் பார்த்தேன். அந்த வாசனையை எட்டு ஊர் தாண்டியும் அடையாளம் சொல்லக்கூடியவர் எனக்குப் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தார்.

"எங்க வூட்டுதுங்க ஐயா" என்று அத்தை எழுந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "அறிவு இருக்குதாடி ஒனக்கு? வெந்தயத்த வேற கருக வுட்டிருக்குற" என்றார்.

பொதியைப் பிரித்தார்கள். ஜாடி உடையவில்லை, எண்ணெய் மட்டும் பாதிக்குமேல் கட்டுத்துணிக்குள் போயிருந்தது. "பீடத்துக்கு வந்தது திரும்ப வூட்டுக்குப் போவக் கூடாது" என்று போதகரம்மா சட்டம் பேசினார்கள். ஆகவே காணிக்கைப் பொருள்களோடு என் ஜாடியும் ஏலத்துக்கு வந்தது. சிரிப்பில் யாரும் விலை கேட்கவில்லை. கடைசியில் அத்தைதான் கேட்டார், அதுவும் பெரிய பூசணிக்காய் போன விலைக்கு மேலேயே. "எம்மருமவ போட்ட ஊறுகாய் பூசணிய விட மட்டமா?" என்றார். அன்று மத்தியானம் அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். "அவன் இல்லாம எறங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் ஏங்குகிறார் என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

கட்டுத்துணி முழுவதையும் மணிமுத்தாற்றில் நான் ஒருத்தியே துவைத்தேன். மணலில் நீளநீளமாகக் காயப்போட்டேன். ஆற்றைக் கடந்து போனவர்களெல்லாம் "என்னாம்மா, ரத்தம் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் கறை வெயிலில் போனது. பெருங்காயம் போகவில்லை. அப்படியே கப்பல் ஏறியது.

இவர் திரும்பி வந்தபோது பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது ஒரு கட்டுத்துணிச் சுருள். பொதி அங்கே போய்ச் சேர்ந்த அன்று இவர் வார்டுக்குப் பக்கத்தில் குழாய் பதித்துக்கொண்டிருந்தாராம். நர்ஸ் கோணியைப் பிரித்ததும் பெருங்காய வாசனை அடிக்க, கையில் இருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார்.

"ஒரு சுருள் குடுங்கன்னு கேட்டேன். இது அடிபட்டவங்களுக்கு, ஒனக்கு எங்க அடிபட்டிருக்குதுன்னு அந்த நர்ஸம்மா கேட்டாங்க" என்றார்.

"என்னா சொன்னீங்க?"

"எங்கன்னு காட்டுறது? ஞாயித்துக்கெழம கட்டுற வேட்டியப் பாதியாக் கிழிச்சு, சுருட்டிக் குடுத்துட்டு இத வாங்கிக்கிட்டேன்."

அதற்குப் பிறகு தினமும் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்து, மோந்து மோந்து சாப்பிட்டாராம். கூட வேலை செய்தவர்கள் இந்தியாவில் சாப்பாட்டு முறையே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்களாம். அந்த ஊரில் இப்போதும் யாராவது அப்படி நம்பிக்கொண்டிருக்கலாம்.

இப்போது இவருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பும் ஊறுகாயும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் மகள் கிண்டலாக, "அம்மா, அப்பாவுக்குக் கட்டுப் போட்டாச்சா?" என்று கேட்பாள். நான் அந்தக் கோண வாய் ஜாடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சுருளை எடுத்து இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். இவர் ஒருமுறை மோந்துவிட்டு, உப்பில்லாத சாதத்தைப் பேசாமல் சாப்பிடுவார். நானும் ரகசியமாக மோந்து பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. இவருக்கு இன்னும் வருகிறதாம்.