மஞ்சப்பாறை எஸ்டேட்டில் ஏழு மூக்கு

தேவர்சோலைக்கு மேலே இருக்கிற மஞ்சப்பாறை எஸ்டேட்டில் அந்த வாரம் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மூக்கை மட்டும் பார்த்தார்கள். காரணம், நாசிகேந்திரர் வந்திருந்தார். கூடலூரில் மூன்று நாள் முகாம் போட்டுப் பாதி ஊரின் தலையெழுத்தை மூக்கிலிருந்தே வாசித்துவிட்டு மலையேறி வந்த மகான்.

அவர் ஜீப்பில் ஒரு தட்டி கட்டியிருந்தது. மனித குலம் மொத்தமும் ஏழே மூக்குதான் என்றது அந்தத் தட்டி. கருட மூக்கு ஆளப் பிறந்தது. கிளி மூக்கு பேசியே பிழைக்கும். பூண்டு மூக்கு மூட்டை சுமக்கும். நுனி வளைந்த மூக்கு திருடும். மீதி மூன்றும் இவற்றுக்கு ஒன்றுவிட்ட பங்காளிகள். கடவுள் கோடிக்கணக்கில் ஆட்களைப் படைத்தவர், மூக்கு விஷயத்தில் மட்டும் ஏனோ ஏழோடு அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்.

"முகம் கூட வேண்டாமுங்க. மூக்கு ஒண்ணு போதும். ஆளோட பிறப்பு, குணம், தொழில் அத்தனையும் சொல்லிப்போடுவேன்" என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னதும் ஃபேக்டரி கேட்டிலிருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை வரிசை நின்றது. பித்தளைக் கவை ஒன்றை விரித்து ஒவ்வொரு மூக்காகப் பிடித்தார். அந்தக் கருவியைப் பாலாமணி ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். ஃபேக்டரி ஃபிட்டர் அதை வைத்துத்தான் குழாயின் தடிமனை அளப்பார்.

பாலாமணி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து ஆறு வருடமாக இங்கே கொழுந்து பறிக்கிறவள். அங்கே இருந்தவரை அவள் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தியாக்காரி என்றார்கள். இங்கே வந்து இறங்கியதும் அதே முகத்தைப் பார்த்துச் சிலோன்காரி என்றார்கள். ஆளைப் பார்த்து இனம் சொல்கிற வித்தைமேல் அவளுக்கு அன்றைக்கே மரியாதை போய்விட்டது. அதனால் வரிசையில் நிற்கவில்லை.

ஆனால் வரிசை அவளைத் தேடி வந்தது. ஃபேக்டரியில் இரண்டு மாதமாகத் தேயிலைத்தூள் குறைந்துகொண்டிருந்தது. மேனேஜர் லெஸ்லி துரைக்குக் கருட மூக்கு என்று நாசிகேந்திரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து துரை யாரிடமும் நேராக நின்று பேசுவதில்லை, பக்கவாட்டில் திரும்பி நின்றே பேசினார். இப்பேர்ப்பட்ட மூக்கைக் கண்டுபிடித்தவருக்குத் திருடனைக் கண்டுபிடிப்பதா கஷ்டம் என்று அவரிடமே கேட்டார்.

நாசிகேந்திரர் முதலில் கேன்டீனில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தார். ஃபேக்டரியில் இரவு வேலைக்கு இருப்பவர் யார் என்று அங்கே சாவகாசமாக விசாரித்துக்கொண்டார். பிறகு வந்து கவையை விரித்தார். திருட்டு மூக்கு, இரவில் ஃபேக்டரி அடுப்பு எரிக்கிற சுடலைமுத்துவிடம் அகப்பட்டது. சுடலைமுத்து பாலாமணியின் புருஷன். மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார்.

மற்ற மூக்குகளுக்குப் பரிகாரம் இருந்தது. துணி காயப்போடும் மரக் கவ்வியில் சந்தனம் தடவி, அரை நாள் சம்பளத்துக்கு ஒன்று என்று விற்றார். நாற்பது நாள் மாட்டினால் பூண்டு மூக்கு கருட மூக்காகிவிடுமாம். மறுநாள் காலை பெயர் கூப்பிடும் நேரத்தில் எஸ்டேட்டே மூக்கில் கவ்வியோடு நின்றது. கவ்வி போட்ட கணக்கப்பிள்ளை முனியம்மாவைக் கூப்பிட்டார். "புடியப்பா" என்று வந்தது. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை தன் தாயை அப்பா என்று கூப்பிட, தகப்பன் கோபித்துக்கொண்டு போனான்.

சுடலைமுத்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இலங்கையிலும் இங்கேயுமாக இருபது வருடம் அடுப்பு எரித்தவன், ஒரு நாளில் தன் மூக்கைத் துணியால் மறைக்க ஆரம்பித்திருந்தான். அந்தத் துணியைப் பார்த்ததும் பாலாமணி நேரே எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர் ஜெஸிந்தாவிடம் போனாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அதைவிட அதிக நேரம் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொட்டகையில் கூட்டம் கூடியது. பாலாமணி துரையிடம் பணிவாக ஒரு விண்ணப்பம் வைத்தாள். முகமே வேண்டாம், மூக்கே போதும் என்று சாமி சொல்கிறார். அதை எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டால் அவளும் மூட்டையைக் கட்டிவிடுவாள். கம்பளியில் ஆறு ஓட்டை போட்டுத் தொங்கவிடலாம். உள்ளே இருந்து மூக்கு மட்டும் நீட்டலாம். அதில் துரையின் மூக்கும் இருந்தால்தான் கருட மூக்கின் பெருமை ஊருக்குத் தெரியும். துரைக்கு அந்தக் கடைசி வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. அவர் கம்பளிக்குப் பின்னால் போய்விட்ட பிறகு நாசிகேந்திரரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று உள்ளே எல்லா மூக்குக்கும் டீச்சர் ஒரே பவுடரை அப்பினார். வெளியே முதல் மூக்கு நீண்டது. கவை விரிந்தது.

"பூண்டு மூக்குங்க. மூட்டை தூக்கப் பொறந்தது" என்றார் நாசிகேந்திரர். கம்பளிக்குப் பின்னால் யாரோ உறுமினார்கள்.

இரண்டாவது மூக்கைப் பார்த்ததும் அவர் கை கூப்பினார். "இதாங்க கருட மூக்கு. துரையை நான் இருட்டுல கூடக் கண்டுபிடிச்சுப்போடுவேன்."

மூன்றாவது, முரட்டு ஆம்பளை மூக்கு என்றும் பெண்டாட்டியை அடிக்கிற மூக்கு என்றும் தீர்ப்பானது. நான்காவதில் கவையை வைத்தவர் சட்டென்று பின்வாங்கி, இதுதான் அந்தத் திருட்டு மூக்கு, நுனியிலேயே எழுதியிருக்கிறது என்றார். ஐந்தாவது, வாயால் பிழைக்கும் கிளி மூக்கு. ஆறாவது மறுபடியும் பூண்டு. கூட்டம் கைதட்டியது. கவ்விகளுக்கு உள்ளிருந்து ஆஹா என்ற சத்தம் ஒரு மாதிரியாக வந்தது.

பாலாமணி கம்பளியை இழுத்துக் கீழே போட்டாள்.

பின்னால் ஆறு பேர் இல்லை. மூன்று பேர் இருந்தார்கள். லெஸ்லி துரை, சுடலைமுத்து, ஜெஸிந்தா டீச்சர். டீச்சர் சைகை காட்டிய ஓட்டைக்கெல்லாம் குனிந்து குனிந்து இடம் மாறியதில் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

"மூக்கு மூணுதான் சாமி. நீங்க ஆறு ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள் பாலாமணி. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி விளக்கமாகச் சொன்னாள். முதல் ஓட்டையில் மூட்டை தூக்கியவர் துரை. நான்காவதில் திருடியவரும் துரைதான். ஆளப் பிறந்த கருட மூக்கு அடுப்படி சுடலைமுத்துவுடையது, ஆறாவதற்குப் போவதற்குள் அது பூண்டாகிவிட்டது. பெண்டாட்டியை அடித்தது கல்யாணமே ஆகாத டீச்சர்.

நாசிகேந்திரர் கவையை மடக்கினார். "மலைப் பனிங்க. பனியில மூக்கு கொஞ்சம் சுருங்குமுங்க" என்றார்.

"சரி, கூடவே குணமும் சுருங்குமா?" என்று டீச்சர் கேட்டார்.

முதலில் சிரித்தது முனியம்மா. சிரிப்பில் அவள் கவ்வி தெறித்துப் போய் விழுந்தது. அதற்கப்புறம் கொட்டகை முழுக்கக் கவ்விகள் மழையாகக் கொட்டின, பெரும்பாலும் ஒரே ஆள்மேல். ஜீப் கிளம்பியபோது தட்டி ரோட்டிலேயே கிடந்தது. அவர் அதைத் திரும்பி எடுக்க வரவில்லை.

திருட்டு மூக்கோடு பங்களாவுக்குப் போன துரைக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை போலும். விடிந்ததும் ஃபேக்டரியை முதல்முறையாகச் சுற்றி நடந்து பார்த்தார். பின்பக்க ஜன்னலின் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. அதன் அடியிலிருந்து ரோடு வரைக்கும் தேயிலைத்தூள் கோடு போட்டிருந்தது. உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுடலைமுத்துவின் முன்னால், இந்த முறை நேராகவே நின்று, தவறு என்னுடையது என்றார். சுடலைமுத்து முகத்துத் துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டான்.

இரண்டு மாதம் தாழ்ப்பாள் அங்கேயே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பார்ப்பதற்கு ஆளுக்கு இரண்டு கண் இருந்தது, யோசிப்பதற்கு அதற்குச் சற்று மேலே ஒன்று இருந்தது. அதை அளக்க எந்த மகானும் கவை கொண்டு வருவதில்லை. அது வேலை செய்கிற ஊரில் அவர் ஜீப்பை நிறுத்துவதே இல்லை.