புகாரை ஆறப்போடும் பிறையன்

கலகெதரயில் ஒரு சில்லறைக் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்து, கரண்ட் போன நாட்களில் பக்கத்துப் பேக்கரியின் அடுப்பு வெளிச்சத்தில் படித்து, கணக்கில் விழுந்து மறுபடி எழுந்து உயர்தரப் பரீட்சை தேறி, பேராதனையில் கொம்பியூட்டர் படித்து, சிங்களத்தில் நேர்முகம் கொடுத்து, ஆங்கிலத்தில் வேலை வாங்கி, கோயில் பாடகர் குழு இரண்டாக உடைந்தபோது இரண்டு பக்கத்திலும் நின்று பாடி, இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒருவரைக்கூடப் பகைத்துக்கொள்ளாமல் நாற்பது வயதைத் தொட்டிருப்பவர் பிறையன்.

கடைசியாகச் சொன்ன வெற்றிதான் எல்லாவற்றிலும் பெரியது. அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பிறையனைத் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஓர் இனம். ஆறப்போடுவோர் இனம். மரண உதவிச் சங்கத்தில் பாருங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பாருங்கள், நாலு கதிரை போட்டு நாலு பேர் உட்காரும் எந்த இடத்திலும் பாருங்கள், நடுக்கதிரையில் ஒருவர் இருப்பார். புகார் ஒன்று சுடச்சுட வந்தால், அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, ஊதி, ஓரமாக வைத்து, மேலே ஒரு மூடி போட்டு, "பார்ப்போம்" என்பார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நமக்குத் தெரியும். அவருக்கோ அதுதான் விருந்து.

நம் பிறையனுக்கு வாய்த்த கதிரை கொஞ்சம் புதுமையானது. "பஸ் எங்கே" என்று ஒரு செயலி. கண்டியிலிருந்து எந்த ஊருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் காட்டும். அதற்கு முதலாளி கிடையாது, சம்பளமும் கிடையாது. திறந்த மூல மென்பொருள் என்பார்கள். உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். பொறுப்பில் உள்ள ஒருவர் அதைப் படித்து "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினால் திருத்தம் சேர்ந்துவிடும். அழுத்தியவரின் பெயரும் திகதியும் கூடவே பதியும். அந்தப் பதிவை யாராலும் அழிக்க முடியாது.

பிறையன் அந்தப் பொத்தானை அழுத்தியதே இல்லை. வாழ்த்துவார், நன்றி சொல்வார், "அருமையான முயற்சி" என்று எழுதுவார். பெயர் பதிகிற இடத்துக்கு மட்டும் விரல் போகாது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஓர் ஒழுக்கக்கோவை வேண்டும் என்று ஒருநாள் யாருக்கோ தோன்றியது. யாரும் யாரையும் பிறப்பையும் ஊரையும் சொல்லி இழிவாகப் பேசக்கூடாது, பேசினால் புகார் செய்யலாம், குழு விசாரிக்கும். வெளிநாட்டிலிருந்து எடுத்து அழகாகத் தமிழாக்கிய வாசகங்கள். விசாரிப்பது யார்?

"பிறையன் அண்ணே இருக்காரே! அவரு யாரோடயும் சண்டைக்குப் போகமாட்டாரு."

நீச்சல் போட்டிக்கு நடுவர் தேடி, கால் நனைக்காதவரைத் தெரிவு செய்தார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் தையல் தைக்கும் அவருடைய அக்கா மரியகொறற்றிக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க தம்பிதான் இப்ப ஒழுக்கக் குழுவுக்குத் தலைவரு. நீதவான் மாதிரி" என்றாள்.

"யாரையாவது தண்டிச்சிருக்காரா அக்கா?"

"சீ, சீ! எங்க தம்பி அப்படிப்பட்டவன் இல்ல."

குழுவில் மூன்று பேர். ஒருவர் பிறையன். இன்னொருவர் மெல்பேர்ன் போனவர், போனவர்தான். மூன்றாமவர் பற்றிக் என்பவர். செயலியில் பாதிக்கு மேல் எழுதியவர், அதனால் மற்றவர் எழுதுவதையெல்லாம் ஏளனமாகப் பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்புகிறவர். புகாருக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி. அங்கே எழுதினால் மூவருக்கும் போகும்.

இனி கஜனி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். தங்கள் ஊர் பஸ் நேரங்களை எல்லாம் சேர்த்து, மலைப்பாதையில் செயலி தடுமாறுகிற ஓர் இடத்தையும் சரிசெய்து அனுப்பினாள். திருத்தம் சேர்ந்தது. ஆனால் அவளுடைய பெயருக்குக் கீழே, உலகமே பார்க்கிற பக்கத்தில், பற்றிக் எழுதினார்: "தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்து எடுத்தால் போதும். இங்கே வரத் தேவையில்லை."

கஜனி ஒழுக்கக்கோவையை நம்பினாள். சின்ன வயது. புகார் எழுதினாள். அதில் இரண்டே விஷயம்: அந்த வரியை நீக்குங்கள், அது தவறு என்று குழு சொல்லட்டும். காரணமும் எழுதினாள்: அடுத்த மாதம் எனக்குப் பேராதனையில் ஒரு கம்பெனியில் நேர்முகம். நான் செய்த வேலையைப் பார்க்க அவர்கள் திறக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. "உங்கள் புகார் கிடைத்தது. தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும். ஒழுக்கக் குழு சார்பில், பற்றிக்."

கஜனி பிறையனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, அவரு மேல குடுத்த புகாருக்கு அவரே பதில் போட்டிருக்காரு!"

"பாத்தீங்களா தங்கச்சி, எவ்வளவு சீக்கிரமா போட்டிருக்காரு! பொறுப்பான மனுசன்."

இந்த இனத்தின் அடுத்த சடங்கு உங்களுக்குத் தெரியும். தேநீர். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, நடுவில் ஒரு தட்டு ரோல்ஸ் வைத்து, சமாதானம் என்று பெயர் சூட்டுவார்கள். பேராதனைச் சந்திக்குப் பக்கத்துக் கடையில் அது நடந்தது.

"நான் சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்" என்றார் பற்றிக், ரோல்ஸைக் கடித்துக்கொண்டு.

"பாத்தீங்களா, அவரு மனசுல ஒண்ணுமே இல்ல."

"மனசுல இல்ல அண்ணே. ஸ்க்ரீன்ல இருக்கு."

"பெரிசு பண்ணாதீங்க தங்கச்சி. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"அந்த வரிய உங்க அக்காவைப் பத்தி எழுதியிருந்தா?"

பிறையன் உண்மையாகவே யோசித்தார். "அக்காகிட்ட காட்டியிருக்க மாட்டேன்" என்றார்.

பிறகு மூவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி போட்டார். "பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது. ஒழுக்கக் குழு." படத்தில் கஜனியின் கையில் கடிக்காத ஒரு ரோல்ஸ் இருந்தது. வரி இருந்த இடத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போன கஜனி அழுதாளா என்று கேட்காதீர்கள். அவள் ஒழுக்கக்கோவையை மறுபடி திறந்தாள். பஸ் நேரங்கள் இருக்கிற அதே இடத்தில்தான் அதுவும் இருக்கிறது. பஸ் நேரத்துக்குத் திருத்தம் அனுப்பலாம் என்றால் ஒழுக்கத்துக்கு ஏன் அனுப்பக்கூடாது? "நடைமுறைக்கு ஏற்ற திருத்தம்" என்று தலைப்பிட்டு எழுதி அனுப்பினாள்:

"புகார் முதலில் யார்மேல் செய்யப்பட்டதோ அவருக்கே அனுப்பப்படும். அவர் விரைவாகப் பதில் தந்தால் பாராட்டப்படுவார். புகார் செய்தவர் தேநீருக்கு அழைக்கப்பட்டு, பெருந்தன்மையாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுவார். படம் எடுக்கப்படும். இழிவான வரி, அதை எழுதியவரின் மனம் புண்படாதிருக்கும் பொருட்டு, அப்படியே விடப்படும்."

பார்த்தவர்கள் சிரித்தார்கள். கலகெதரயிலிருந்து ரிஸ்மி என்ற பையன், "ரோல்ஸ் யார் செலவு என்றும் சேர்க்கவும்" என்று கீழே எழுதினான். ஒழுக்கக்கோவைத் திருத்தத்தை ஏற்கவோ மறுக்கவோ வேண்டியவர் தலைவர் பிறையன். எதைச் செய்தாலும் பெயர் பதியும். இந்தமுறை குழு என்ற போர்வைக்குள் ஒளிய வழியில்லை. மனுசன் வசமாக மாட்டிக்கொண்டார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறையன் அதை ஒருமுறை படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை படித்தார். அவருடைய கண் கலங்கியது. இத்தனை காலம் தான் பாடுபட்டுச் செய்துவந்ததை, ஒரு வரி விடாமல், ஒரு பிள்ளை கவனித்து எழுதியிருக்கிறதே! இதில் பிழை என்று எதைச் சொல்வது? ஒவ்வொன்றும் அவர் செய்ததுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய விரல் தயங்கவில்லை. "மிகத் தெளிவான வாசகம். தங்கச்சிக்கு நன்றி" என்று எழுதி, பொத்தானை அழுத்தினார்.

நேர்முகத்தில் டிலானி என்ற அதிகாரி அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியைப் படித்து, முகம் சுளித்தாள்.

"இத யாரும் நீக்கலையா?"

"அதுக்கு விதி இருக்கு மிஸ்" என்று கஜனி ஒழுக்கக்கோவையைத் திறந்து காட்டினாள்.

டிலானி படித்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எழுதினது நீங்கன்னு தெரியுது. இத ஏத்துக்கிட்டது யாரு?"

"ஒழுக்கக் குழுத் தலைவரு மிஸ். எல்லாருக்கும் அண்ணன்."

வேலை கிடைத்தது. அதன் பிறகு கஜனி "பஸ் எங்கே" பக்கம் வரவில்லை. ஹேவாஹெட்ட பஸ் நேரங்கள் மாறின, திருத்த ஆளில்லை. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போன பிறையன், செயலியை நம்பி, ஓடுவதை நிறுத்திவிட்ட பஸ்ஸுக்காக மழையில் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் செயலி செய்தவனின் பரம்பரையையே ஏசினார்கள்.

"பெரிசு பண்ணாதீங்க" என்றார் பிறையன். "வரும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக உங்களிடம் ஒருவர் கலங்கிய முகத்தோடு வந்தபோது நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? "உட்காருங்க, மொதல்ல ஒரு டீ குடிங்க" என்பதா? அப்படியானால் போய் உங்கள் பெயர் எதன் கீழே விழுந்திருக்கிறது என்று ஒருதரம் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறையனுடையதைத் தேட வேண்டியதில்லை. மரியகொறற்றி அக்கா அதை அச்செடுத்து, சட்டம் போட்டு, திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்:

ஏற்கிறேன். பிறையன். 14 மார்ச் 2025.